முப்பது பிரதியும் ஒரு முன்பல்லும்

மனித குலத்தில் ஒழுங்காக மறக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. சல்லடை போட்டுத் தேடினால் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் ஒரு பல் லேபின் மூன்றாம் மாடியில், முன்பு துடைப்பமும் வாளியும் குடியிருந்த அறையில், ஏசிக்கு நேர் கீழே கழுத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார். இது மிகைப்படுத்தல் அல்ல. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வயது இருபத்தெட்டுதான் என்பதால் இனி ‘அவன்’ என்றே சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்துக்கொண்டாலும் முப்பது நாளுக்கு மேல் அதை வைத்திருக்க மாட்டான். எதையுமே முப்பது நாளுக்கு மேல் வைத்திருப்பது அவன் கொள்கைக்கு விரோதம்.

லேபில் அவனுக்குத் ‘தொண்ணூறு’ என்று பெயர். சர்வரின் டிஸ்க் தொண்ணூறு சதவீதம் நிரம்பினால் படியிறங்கி வருவான். அரைக்கும் மெஷின், பாலிஷ் போடும் மெஷின் எல்லாவற்றையும் மீறிக் கேட்கிற குரலில், “தொண்ணூறு தாண்டிடுச்சு” என்று அறிவித்துவிட்டு மறுபடி மேலே போவான். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கீழே யாருக்கும் தெரியாது. யாருக்கோ காய்ச்சல் என்று நினைத்து ஒருமுறை ஒருவர் மாத்திரை கொடுத்தனுப்பினார்.

லேபின் வேலை சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இரண்டாம் மாடியில் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சை ஸ்கேன் செய்தால் ஃபைல். ஃபைலைப் பார்த்துப் பல்லுக்குக் கேப்போ, முழு பல்செட்டோ செய்து அனுப்புவார்கள். ஆக, ஊரில் பாதிப் பேர் வாய் தொண்ணூறின் கையில் இருந்தது. அதைக் காக்க ஒரு பேக்கப் மென்பொருள் வைத்திருந்தான். தினமும் ஒரு பிரதி எடுக்கும். ‘எத்தனை பிரதிகள் வைத்திருக்க வேண்டும்’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அங்கே 30 என்று போட்டிருந்தான். முப்பத்தோராவது உள்ளே வந்தால் ஆகப் பழையது சத்தமில்லாமல் வெளியே போய்விடும்.

“அழுகை கிடையாது, ஆர்ப்பாட்டம் கிடையாது. ஒண்ணு வருது, ஒண்ணு போகுது. இதை மனுஷன் கத்துக்கிட்டா வீட்டுல பரண் எதுக்கு?” என்பான், கேட்க ஆள் கிடைத்தால். கிடைக்காவிட்டால் ஏசியிடம் சொல்வான்.

இதைக் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று ஒரு மனுஷி இரண்டாம் மாடியில் பிடிவாதமாக இருந்தாள். அவள் அவனுடைய அண்ணி.

அச்சுப் பிரிவு அவள் பொறுப்பு. இவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். பதினோரு வருடங்களாக ஊற்றிய ஒரு அச்சைக்கூட அவள் எறிந்ததில்லை. பின்னறை முழுவதும் செருப்புக் கடைகளில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் ஒரு லேபிள். ‘கீழ் வரிசை, கடைவாய். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் ஆள். தூக்கிப் போடாதே.’ ‘மேல் முன்பல். டிரம்பெட். மூணாவது தடவைதான் சரி. தூக்கிப் போடாதே.’ ஆரம்பம் எப்படி இருந்தாலும் எல்லா லேபிளும் அந்த இரண்டு வார்த்தையில்தான் போய் முடியும்.

“அண்ணி, எல்லாப் பெட்டியிலயும் தூக்கிப் போடாதேன்னு எழுதினா அதுக்குப் பேரு லேபிள் இல்ல. கெஞ்சல்.”

“கெஞ்சினாலாவது உன் காதுல விழுதான்னு பார்க்கறேன்.”

“ஸ்கேன் ஃபைல் இருக்கு. அதுக்கு பேக்கப் இருக்கு. அப்புறம் எதுக்கு இந்தப் பல் கல்லறை?”

“கல்லறைக்குப் போனது திரும்பி வராது தம்பி. என் பெட்டிலேர்ந்து வாரத்துக்கு ஒண்ணு வெளிய வருது.”

“என்கிட்ட கேட்டா அஞ்சே நிமிஷத்துல வரும்.”

“இதுவரைக்கும் ஒண்ணாவது எடுத்துப் பார்த்திருக்கியா?”

“விமானத்துல பாராசூட் இருக்கு. அதுக்காக பைலட் தினமும் குதிச்சா பார்க்கறான்?”

“எடுத்துப் பார்த்திருக்கியான்னு கேட்டேன்.”

தொண்ணூறுக்கு மேலே அவசர வேலை வந்துவிட்டது. அண்ணன் வீட்டில்தான் ஜாகை, மூன்று வேளையும் அண்ணி கைச்சோறு என்பதால், எந்த வாக்குவாதத்தையும் அவன் ஒரு அளவுக்கு மேல் வளர்ப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை, சர்வரும் பேக்கப் டிஸ்கும் கைகோத்துக்கொண்டு தொண்ணூற்றொன்றைத் தொட்டன. அன்று அவன் இரண்டு முடிவுகள் எடுத்தான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அறிவாளி எடுக்கும் முடிவுகள்.

முதல் முடிவு: இரண்டு வருடத்துக்கு முந்தைய கேஸ் ஃபைல்கள் ஆயிரத்து நூற்று நாற்பதையும் சர்வரிலிருந்து அழித்தான். பேக்கப்பில்தான் இருக்கின்றனவே, இங்கே எதற்கு இன்னொரு தடவை? இரண்டாம் முடிவு: தினமும் ஒன்று என்றிருந்த பேக்கப்பை மணிக்கொன்று என்று மாற்றினான். ‘தினம் பல் தேய்க்கிறவன் யோக்கியன், மணிக்கொரு தரம் தேய்க்கிறவன் மகான்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்துக் கட்டத்தில் 30 பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

புதன்கிழமை காலை பேக்கப் டிஸ்கைத் திறந்தால், முப்பத்தெட்டு சதவீதம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். அப்போதும் முப்பத்தெட்டு. பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்த தகப்பனைப் போல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். போட்டோ எடுத்துக் கைபேசியின் முகப்பில் வைத்தான். அங்கே இருந்த அண்ணன் குடும்பப் படம் இடம் விட்டது. எப்படிக் குறைந்தது என்று அவன் யோசிக்கவில்லை. கெட்டது நடந்தால் காரணம் தேடுவோம். நல்லது நடந்தால் கண்ணாடி பார்ப்போம். அவனும் பார்த்தான்.

முதலாளியிடம் ஓடினான். முதலாளிக்குக் கம்ப்யூட்டர் பாஷை ஆகாது.

“எதுவா இருந்தாலும் பல்லுல சொல்லுங்க,” என்றார்.

“சொத்தை மொத்தத்தையும் சுரண்டி எடுத்துட்டேன் சார். பல்லு கல்லு மாதிரி இருக்கு. இனிமே மணிக்கொரு தடவை செக்கப்.”

முதலாளிக்குக் குளிர்ந்துவிட்டது. புது மெஷின் ஒன்று வரவிருந்தது. வைக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். “அப்ப பின்னறைல இருக்கிற அந்த பிளாஸ்டர் பெட்டிங்க?”

“அது விழுந்த பால்பல் சார். அடுத்த சனிக்கிழமை கழிவு லாரி வருது. ஏத்திடலாம்.”

அண்ணியை மேலே கூப்பிட்டார்கள். கையில் பிளாஸ்டர் காயாமலே வந்தாள்.

“பதினோரு வருஷத்து அச்சு சார்,” என்றாள்.

“ஃபைல் பத்திரமா இல்லன்னு சொல்லுங்கம்மா, பெட்டி இருக்கட்டும். பத்திரமா இருந்தா எனக்கு இடம் வேணும்.”

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். “இருக்கா தம்பி?”

“இருக்கு அண்ணி.”

“எல்லாம்?”

“ஒரு கடவாய்ப்பல் விடாம.”

“சரி. உன் வார்த்தையை நம்பித்தான் விடறேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கரண்டி மட்டும் தட்டில் கொஞ்சம் பலமாகப் பேசியது. அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நான் ஒண்ணும் கேக்கல,” என்றான்.

மறுவாரம் தொண்ணூறே முன்னின்று பெட்டிகளைக் கட்டினான். நாற்பத்திரண்டு சாக்குகள். அண்ணி வருடவாரியாக, டாக்டர்வாரியாக அடுக்கி வைத்திருந்ததை அவன் கைக்கு வந்தபடி திணித்தான். குப்பைக்கு எதற்கு வரிசை? ஒவ்வொரு சாக்கிலும் ‘கழிவு – சனி’ என்று அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டினான். ஓரம் தூக்காமல் நேராக ஒட்டியிருந்ததில் அவனுக்குத் தனித் திருப்தி. சாக்குகள் படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தன.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு மனிதர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு படியேறி வந்தார். தோளில் வாத்தியப் பெட்டி. நாலு வருடம் முன்பு அண்ணி மேல் முன்பல்லுக்குக் கேப் செய்து கொடுத்தாளே, அந்த டிரம்பெட்காரர்.

“கழண்டு போச்சும்மா. வாஷ் பேசின்ல விழுந்து, அப்படியே உள்ள போயிடுச்சு. நாளன்னிக்குக் காலைல எனக்குத் தேர்வு. வாத்தியக் குழுவுல நிரந்தர இடம். ஒன்பது வருஷமா யாராவது வராத அன்னிக்கு மட்டும் கூப்பிடுவாங்க.”

“பழைய மாதிரியே வேணும், அவ்வளவுதானே?” என்றாள் அண்ணி.

“அந்தக் கோணல் முக்கியம். ஞாபகம் இருக்கா? முதல்ல ரெண்டு தடவை நேரா செஞ்சீங்க. காத்து ஓரமா ஓடிச்சு. மூணாவதுல கொஞ்சம் சாய்ச்சீங்க, அப்பதான் எனக்கு என் சத்தம் வந்தது.”

“மறப்பேனா? அதுக்கு ஃபைல் இருக்கு. அஞ்சு நிமிஷம் உக்காருங்க,” என்ற அண்ணி, மேல்மாடி பார்த்துக் குரல் கொடுத்தாள். “தம்பி, பாராசூட்டை எடு.”

தொண்ணூறு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணி பின்னால் வந்து நின்றாள். பேக்கப் மென்பொருளைத் திறந்தான். ‘மீட்டெடு’ என்ற பட்டனை அவன் அழுத்துவது அதுதான் முதல் முறை. அது எங்கே இருக்கிறது என்று தேடியதை அண்ணி பார்த்துவிடாமல் தோளால் மறைத்தான். பிரதிகளின் பட்டியல் வந்தது. மேலே இன்று காலை பதினோரு மணி. அடுத்தது பத்து மணி. ஒன்பது. கீழே போனான். நேற்று இரவு. நேற்று மதியம். நேற்று காலை ஆறு மணி.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

மவுஸை இழுத்துப் பார்த்தான். மூடித் திறந்தான். எண்ணினான். சரியாக முப்பது. மென்பொருள் அவன் சொன்னதைத்தான் செய்திருந்தது. அந்தக் கட்டம் என்றைக்குமே நாளைக் கேட்கவில்லை, பிரதியைத்தான் கேட்டது. தினம் ஒன்று எடுத்தபோது முப்பது பிரதி என்பது முப்பது நாள். மணிக்கொன்று எடுத்தால் முப்பது பிரதி முப்பது மணி நேரம். திங்கட்கிழமை அவன் சர்வரில் அழித்ததை, செவ்வாய் சாயங்காலத்துக்குள் பேக்கப்பும் அழுகை இல்லாமல், ஆர்ப்பாட்டம் இல்லாமல் அழித்து முடித்திருந்தது. முப்பத்தெட்டு சதவீதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

ஏசிக்கு நேர் கீழே அவனுக்கு வியர்த்தது.

“அஞ்சு நிமிஷம் ஆச்சு,” என்றாள் அண்ணி.

‘நெட்வொர்க் பிரச்சினை’ என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. உலகம் முழுவதும் அவன் தொழில்காரர்களுக்குக் கைகொடுக்கிற வாக்கியம். சனிக்கிழமை வரை இழுத்தடிக்கலாம். அப்புறம் லாரி வந்துவிடும். எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும்தான் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாக்குகள் அவனுக்கு முதல்முறையாக மனக்கண்ணில் பட்டன.

“அண்ணி, இல்ல.”

“எது இல்ல?”

“பழைய கேஸ் எதுவுமே இல்ல. ஆயிரத்து நூத்தி நாப்பதும் போச்சு. சர்வர்ல நான் அழிச்சேன். பேக்கப்ல அதுவா அழிஞ்சிடுச்சு. அதுவும் நான் சொல்லித்தான்.”

அண்ணி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “முப்பதுன்னு எதையோ பெருமையா சொல்லுவியே.”

“அது முப்பது மணி நேரமா ஆயிடுச்சு.”

“பல்லு கணக்குலகூட ரெண்டு குறையுது,” என்றாள். அப்புறம் அவள் சொன்ன அடுத்த வார்த்தைக்காக அவன் தயாராகவே இல்லை. “எழுந்திரு. சாக்கு எத்தனை?”

“நாப்பத்திரண்டு.”

“டிரம்பெட் எதுல?”

“தெரியாது அண்ணி. கைக்கு வந்தபடி போட்டேன்.”

“நான் வச்ச இடத்துல இருந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருப்பேன்,” என்றாள். அன்று முழுவதும் அவள் சொன்ன கடுமையான வார்த்தை அது ஒன்றுதான்.

போகிற வழியில் முதலாளி அறை. உள்ளே போகாமல் தாண்டிவிடலாம்தான். அவன் கதவைத் தட்டினான்.

“பல்லுல சொல்லுங்க,” என்றார் முதலாளி.

“நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன் சார். அதுக்கு மாத்தா வச்சிருந்த பல்செட்டையும் தொலைச்சிட்டேன். இப்ப மிச்சம் இருக்கிறது படிக்கட்டுக்கு அடியில இருக்கிற பால்பல்தான். லாரி வேண்டாம் சார்.”

முதலாளி பேனாவை மூடி வைத்தார்.

“வலிக்குதா?”

“ரொம்ப சார்.”

“அப்ப நரம்பு உயிரோடதான் இருக்கு. போய் வேலையைப் பாருங்க. லாரிக்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்.”

படிக்கட்டுக்கு அடியில் அண்ணி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து சாக்கைப் பிரித்தார்கள். அஞ்சே நிமிஷத்தில் எதையும் தேடித் தருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், மூக்கெல்லாம் வெள்ளையாக, லேபிள் லேபிளாகப் படித்தான். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. ‘இடது ஓரம் சிரித்தால் மட்டும் தெரியும்.’ ‘சத்தமாகப் பேசும் வாத்தியார், நாக்குக்கு இடம் விடு.’ இதில் ஒன்றுகூட ஃபைலில் கிடையாது. ஃபைலில் இருந்தது கேஸ் எண்ணும் தேதியும்தான். அவன் ஒட்டிய ஸ்டிக்கர்களைக் கிழிக்கக் கிழிக்க, பாதி ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. மட்டமான ஸ்டிக்கர் வாங்கியிருக்கலாம்.

இருபத்து மூன்றாவது சாக்கில், மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு, “அண்ணி, மூணாவது தடவைதான் சரி” என்று படித்தான். அண்ணி பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, அச்சை வெளிச்சத்தில் திருப்பினாள். முன்பல் கொஞ்சமாகச் சாய்ந்து, நாலு வருடமாக இவளுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. விளிம்பில் ஒரு பொட்டு உடையவில்லை. அவள் முகத்தில் அப்போது வந்ததை அவன் இதற்கு முன் எங்கோ பார்த்திருந்தான். யோசித்தான். முப்பத்தெட்டு சதவீதம் காட்டிய அன்று, கண்ணாடியில். ஆனால் இதில் ஏதோ கெட்டியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கேப் தயார். எதிர்ச்சாரி டாக்டர் பொருத்திவிட்டார். டிரம்பெட்காரர் நேரே வீட்டுக்குப் போகாமல் மறுபடி இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தார். பெட்டியைத் திறந்து, உதட்டை நனைத்து, ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதினார். அரைக்கும் மெஷின் நின்றது. பாலிஷ் மெஷின் நின்றது. முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். சத்தம் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுத் திரும்பியது.

“காத்து ஓடுதா?” என்று கேட்டாள் அண்ணி, பதில் தெரிந்த குரலில்.

“ஒரு பொட்டு ஓடல,” என்றார் அவர்.

சனிக்கிழமை பத்தரைக்கு அவரிடமிருந்து அண்ணிக்குப் போன் வந்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டாள். ஊதுகிற சத்தம் மட்டும் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. இடம் கிடைத்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

அன்று தொண்ணூறு செட்டிங்கைத் திறந்தான். மணிப் பிரதி இருபத்து நான்கு, நாள் பிரதி முப்பது, மாதப் பிரதி இருபத்து நான்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. மூன்று வருடமாக அங்கேதான் இருந்தது. காகிதத்தில் கூட்டிப் பார்த்தான். எல்லாம் நிரம்பினாலும் டிஸ்க் எண்பத்திரண்டில் நிற்கும். பழைய கேஸ்களுக்கு பேக்கப்பை நம்பாமல் தனியாக இரண்டு டிஸ்க். இரண்டிலும் ஏறிய பிறகுதான் சர்வரில் கை வைப்பது என்று விதி. வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி ஒரு கேஸ் சொல்ல வேண்டும், அவன் பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். முதல் வெள்ளி அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். நான்கு நிமிடம் நாற்பது வினாடி.

“அஞ்சுன்னு சொன்னேன்ல?” என்றான்.

“சொன்ன. சொன்ன அன்னிக்கு வரல, அவ்வளவுதான்.”

டிரம்பெட்டையும் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பது அச்சு. ஒன்றுக்கு ஆறு நிமிடம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்து, பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, ஸ்கேன் செய்து, லேபிளில் இருந்ததை எழுத்து விடாமல் ஃபைலிலும் தட்டிவிட்டு, அதே பெட்டியில் அதே பக்கமாகப் படுக்க வைத்து, அண்ணி காட்டிய அதே அலமாரித் தட்டில் வைப்பான். புது மெஷினுக்கு அவனுடைய மூன்றாம் மாடி அறையில் பாதி போனது. அவன் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் எந்தப் பெட்டி எங்கே என்று அவனுக்கும் மனப்பாடம். யாராவது வந்து கேட்டால் அண்ணி வாயைத் திறப்பதற்குள் இவன் தட்டு எண்ணைச் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காதது போல மஃப்ளரைச் சரிசெய்துகொள்வான்.

நாலரை மாதம் ஆயிற்று. கடைசி அச்சு முடிந்த அன்று இரண்டு டிஸ்கிலும் ஏற்றினான். ஒன்றை சர்வர் அறையில் வைத்தான். இன்னொன்று அதே அறையில் இருக்கக் கூடாது. எங்கே வைப்பது என்று அவன் வெகுநேரம் யோசிக்கவில்லை.

அண்ணி சாப்பிடப் போயிருந்தாள். பின்னறைக்குள் போய் ஒரு காலிச் செருப்புப் பெட்டியை எடுத்தான். பழைய துணியில் டிஸ்கைச் சுற்றி உள்ளே வைத்தான். அவளுடைய மார்க்கரைத் தேடி எடுத்து, மூடியின்மேல் எழுதினான்: ‘பழைய கேஸ், 1140. ஒவ்வொன்றும் திறந்து பார்த்தது. ரெண்டாவது தடவைதான் சரி.’

மார்க்கரை மூடினான். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். மறுபடி திறந்தான்.

‘தூக்கிப் போடாதே’ என்று எழுதி, டிரம்பெட் பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தான்.